ஏரிக்கரைக் கற்கோபுரம்: டர்பனிலிருந்து காரில் கிரேட் ஜிம்பாப்வே போய்வருவது எப்படி

கிரேட் ஜிம்பாப்வே என்பது ஜிம்பாப்வே நாட்டில் மஸ்விங்கோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழங்காலக் கல்நகரத்தின் இடிபாடு. முதலிலேயே ஒரு விஷயம். ஏரிப் பக்கத்தில் பழங்காலக் கற்கோபுரம் இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கோபுரத்தின் காலடியில் தண்ணீர் அலையடிக்கும், அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கிளம்பினால் ஏமாந்துதான் போவீர்கள். முட்டிரிக்வி ஏரி கோபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அது பழைய ஏரியும் இல்லை, 1960 வாக்கில் ஆற்றை அணை போட்டு மறித்ததால் வந்தது. பழைய ஆட்கள் இன்னும் கைல் ஏரி என்பார்கள். கோபுரத்துக்கு வயது அறுநூறு, எழுநூறு வருடம் இருக்கும். அதைக் கட்டியவர்கள் அங்கே ஏரியையே பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர் ஒரே வண்டியில் போய்வந்தோம். பெரியப்பா, அத்தை, நான், என் இரண்டு பிள்ளைகள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 570 கிலோமீட்டர், அங்கிருந்து எல்லையிலுள்ள பெய்ட்பிரிட்ஜ் 540, எல்லை தாண்டி மஸ்விங்கோ நகரம் இன்னொரு 290, அதற்குமேல் முப்பது. ஆகமொத்தம் 1,400 கிலோமீட்டருக்கு மேல். ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்று வீராப்பு பேசுகிற ஆளை ஸ்டீயரிங் பக்கமே விடாதீர்கள். போகும்போது இரண்டு ராத்திரி தங்கல், வரும்போதும் அப்படியே. அங்கே முழுசாக இரண்டு நாள். ஒரு வாரம் விடுப்பு இல்லாவிட்டால் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவது மேல்.

போக நல்ல காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. மழை இருக்காது, வெயிலும் சுடாது, இடிபாடுகளுக்கு நடுவே கற்றாழை சிவப்பாகப் பூத்திருக்கும். அக்டோபரில் வெயில் மண்டையைப் பிளக்கும், நவம்பருக்குப் பிறகு மழை. குளிர்காலத்திலும் சில காலைகளில் தென்கிழக்கிலிருந்து மூடுபனியும் தூறலுமாக வந்து மலையே தெரியாமல் போய்விடும், அந்த ஊர்க்காரர்கள் அதற்கு ‘குட்டி’ (guti) என்கிறார்கள். அதனால் ஸ்வெட்டர் கட்டாயம். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் போகவே போகாதீர்கள். இங்கே வேலை செய்கிற ஜிம்பாப்வேக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போகிற நேரம் அது, எல்லையில் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். ஈஸ்டரில் போலக்வானே பக்கம் மோரியாவுக்குப் போகும் சியோன் சபைக் கூட்டமும் சேர்ந்து என்-1 சாலையே அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் காகிதங்கள். தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். வண்டிக்குத்தான் வேலை அதிகம். வண்டி உங்கள் பேரில் இருந்தால் பதிவுச் சான்று, வங்கிக் கடனில் ஓடுகிறதென்றால் "வெளிநாடு கொண்டுபோகலாம்" என்று வங்கி தரும் கடிதம், வேறொருவர் வண்டி என்றால் அவர் உறுதிமொழி வாங்கும் கமிஷனர் (Commissioner of Oaths) முன்னால் கையெழுத்துப் போட்ட கடிதம், கூடவே காவல்துறை தரும் வண்டிச் சான்று. வங்கிக் கடிதம் வர நாள் பிடிக்கும், இரண்டு வாரம் முன்னாடியே கேட்டு வையுங்கள். ஜிம்பாப்வே பக்கம் வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி, சாலைக் கட்டணம், கார்பன் வரி, மூன்றாம் நபர் காப்பீடு என்று நாலைந்து ரசீது சேரும். ஒன்றையும் தொலைக்காதீர்கள், திரும்பி வரும்போது கேட்பார்கள். வண்டிக்குள் இரண்டு எச்சரிக்கை முக்கோணம், தீயணைப்பான், ஸ்டெப்னி, ஜாக்கி இருக்க வேண்டும், பின்னால் தென்னாப்பிரிக்க வண்டி என்று காட்டும் இசட்.ஏ. ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளோடு பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றும் வேண்டும். என் வீட்டுக்காரர் வரவில்லை, கடிதத்தைக் கடைசி நாள் இரவுதான் எழுதினார், அந்தக் கதை இங்கே வேண்டாம்.

வழியில் சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறுதான் சரி. இங்கே எல்லாரும் பாட்கோஸ் என்பதும் அதைத்தான். அத்தை புளியோதரையும் உருளைக்கிழங்கு ரொட்டியும் கட்டினாள், இரண்டு நாள் தாங்கியது. பச்சை இறைச்சி, பழம், பால் சாமான் எல்லாம் எல்லையில் தகராறு, எடுக்காதீர்கள். மரக்கறிக்காரர்கள் பயப்பட வேண்டாம், அங்கே சட்ஸா என்று வெள்ளைச் சோளமாவுக் களி எங்கும் கிடைக்கும், தொட்டுக்கொள்ள முரிவோ என்ற கீரை. தென்னாப்பிரிக்காவின் பாப் களி சாப்பிட்டவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஊறுகாய் பாட்டில் ஒன்று கையில் இருந்தால் சொர்க்கம்.

லூயி டிரிச்சார்ட் தாண்டியதும் சௌட்பான்ஸ்பர்க் மலையைக் குடைந்த இரண்டு சுரங்கப்பாதை வரும், அதைத் தாண்டினால் நிலமே மாறிவிடும். பாவோபாப் மரங்கள் யானைக்கால் போட்டுக்கொண்டு நிற்கும். முசினாவில் தங்கி, டேங்க் நிரப்பி, விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லைக்குப் போங்கள். இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும், ஆனாலும் காலைதான் சுருக்கு. வண்டி மெதுவானதும் கழுத்தில் அட்டை மாட்டிய பையன்கள் ஓடிவருவார்கள், "மேடம், நான் வேகமாக முடித்துத் தருகிறேன்" என்று. அட்டையைப் பார்த்து நான் அதிகாரி என்றே நினைத்துவிட்டேன், முந்நூறு ராண்ட் போனது, வேலை ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு நேரே கட்டிடத்துக்குள் போய் ஜன்னல் ஜன்னலாக நீங்களே முடியுங்கள். கஷ்டம் இல்லை, பொறுமைதான் வேண்டும். லிம்போபோ பள்ளத்தாக்கில் மலேரியா உண்டு, மாத்திரை பற்றி டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லைக்கு அப்பால் ஒரே விதி: இருட்டில் ஓட்டாதீர்கள். மாடு, கழுதை, ஆடு எல்லாம் சாலையைத் தங்கள் திண்ணை என்றுதான் நினைக்கின்றன. லாரிகளும் அதிகம். போலீஸ் நிறுத்தினால் சிரித்துப் பேசுங்கள், அபராதம் என்றால் ரசீது கேளுங்கள். பணம் அமெரிக்க டாலராக, ஒன்று, ஐந்து, பத்து என்று சில்லறையாக எடுத்துப்போங்கள். 2024இல் ஜிக் என்று புதுப் பணம் விட்டிருக்கிறார்கள், ஆனால் பயணிகளுக்கு டாலர்தான் ஓடுகிறது. நூறு டாலர் நோட்டை நீட்டினால் மீதி வராது, மீதிக்குப் பதில் மிட்டாயும் குளிர்பானமும்தான் வரும். பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கும்.

சரி, இடத்துக்கு வந்துவிட்டோம். வளாகத்துக்குள்ளேயே தங்க இடம் உண்டு, வாசலுக்குப் பக்கத்தில் ஓட்டல் உண்டு, ஏரிப்பக்கம் விடுதிகளும் இருக்கின்றன. முடிந்தால் இடிபாடுகளுக்குப் பக்கத்திலேயே தங்குங்கள், ஏனென்றால் காலையில் முதல் ஆளாக உள்ளே போவதுதான் இந்தப் பயணத்தின் பாதி லாபம். எல்லாரும் செய்யும் தப்பு என்னவென்றால், வந்ததும் நேரே கூம்புக் கோபுரத்துக்கு ஓடி, முன்னால் நின்று கைத்தொலைபேசியில் நாலு படம், பிறகு "இவ்வளவுதானா" என்று திரும்புவது. கோபுரத்தைக் கடைசிக்கு வையுங்கள்.

காலையில் மலை. கிரானைட் பாறைக் குன்றின் மேல் ராஜா இருந்த இடம் என்கிறார்கள். ஏற இரண்டு வழி. பழைய வழி குறுகலான படிக்கட்டு, ஓரிடத்தில் பாறைக்கும் பாறைக்கும் நடுவே ஒருவர் ஒருக்களித்துத்தான் போக முடியும். புதிய வழி சாய்வு குறைவு, முழங்கால் வலிக்காரர்கள் அதில் ஏறலாம். நாங்கள் பழைய வழியில் ஏறிப் புதிய வழியில் இறங்கினோம், அதுதான் சரியான வரிசை. மேலே போனதும் பாறையையும் சுவரையும் பாருங்கள். சுவர் பாறையை உடைத்து எறியவில்லை, பாறை எங்கே முடிகிறதோ அங்கே தொடங்கி அடுத்த பாறையில் போய் ஒட்டிக்கொள்கிறது. கீழே பள்ளத்தாக்கில் வட்டமான பெரிய மதில் தெரியும், மாலையில் போகப் போவது அங்கேதான்.

மதியம் அருங்காட்சியகம். மாக்கல்லில் செதுக்கிய பறவைகள் இங்கேதான் இருக்கின்றன, ஜிம்பாப்வே கொடியில் இருப்பதும் இந்தப் பறவைதான். அந்தக் காலத்தில் பெயர்த்து எடுத்து தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனவற்றில் பெரும்பாலானவை 1981இல்தான் திரும்பி வந்தன. அதற்கு ஈடாக ஜிம்பாப்வே கொடுத்தது என்ன தெரியுமா? குளவி, தேனீ, எறும்புகளின் ஒரு பெரிய சேகரிப்பு. தங்கள் சாமானைத் தாங்களே பண்டமாற்று செய்து வாங்க வேண்டியிருந்தது. இதைப் படித்துவிட்டுப் பறவைகள் முன்னால் நில்லுங்கள், வேறு மாதிரி தெரியும். அங்கேயே கண்ணாடி மணிகளையும் சீனப் பீங்கான் துண்டுகளையும் தேடிப் பாருங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

மூன்று மணி வாக்கில் பெரிய மதிலுக்குப் போங்கள். நேரம் ஏன் முக்கியம் என்றால், கோபுரம் மதிலுக்குள் தென்கிழக்குப் பக்கம் நிற்கிறது, நாம் பார்க்கும் முகத்தில் பிற்பகல் வெயில்தான் விழும். காலையில் போனால் கல் எல்லாம் ஒரே கறுப்பாகத் தெரியும். வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள், உள்ளூர் கரங்கா மக்கள், தங்கள் வீட்டைக் காட்டுவது போல் காட்டுவார்கள்.

உள்ளே போகும் முன் மதிலை வெளிப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சுற்றளவு சுமார் 250 மீட்டர், உயரம் அதிகபட்சம் 11 மீட்டர். பத்தே நிமிட நடைதான், ஆனால் யாரும் செய்வதில்லை. வடமேற்குப் பக்கம் மதில் தாழ்வாக, கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். கிழக்கே போகப் போக உயரமும் கூடும், கல்லும் ஒரே அளவாக, வரி பிசகாமல் வரும். தென்கிழக்கில் உச்சியை அண்ணாந்து பார்த்தால் ‘V’ எழுத்தை வரிசையாக அடுக்கியது போல இரட்டைக் கோலம் போட்டிருக்கும். அது வெளிப்பக்கம் மட்டும்தான், உள்ளேயே நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாது. சுண்ணாம்பு, சாந்து, களிமண் எதுவுமே இல்லாமல் வெறும் கல்லின்மேல் கல். கிரானைட் பாறை பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்து வரும், அதை உடைத்தால் மேலும் கீழும் தட்டையான செங்கல் மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் உள்ள குன்றுகளிலேயே அந்த உரிதலை நீங்கள் பார்க்கலாம்.

உள்ளே வடக்கு வாசல் வழியாகப் போனால் இரண்டு உயரமான சுவர்களுக்கு நடுவே ஒரு ஒடுக்கமான நடை வரும். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். இங்கே அவசரப்படாமல் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, இடது சுவரையும் வலது சுவரையும் மாறி மாறிப் பாருங்கள். உள்சுவர் பழசு, அதில் கல் வரிகள் அலை அலையாக ஏறி இறங்கும். வெளிச்சுவர் பிந்தியது, வரி நூல் பிடித்த மாதிரி நேர். இரண்டு தலைமுறைக் கொத்தனார்களின் கைவேலை முகத்துக்கு முகம் நிற்கிறது. கூரை எங்கே, அறை எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்த மதில்களுக்குக் கூரை எப்போதுமே இருந்ததில்லை. உள்ளே மண்ணும் சரளையும் குழைத்துக் கட்டிய வட்ட வீடுகள் இருந்தன, மழை கரைத்துவிட்டது, மிஞ்சியது வேலிதான்.

நடையின் முடிவில் திடீரென்று கோபுரம். உயரம் சுமார் 10 மீட்டர், அடி விட்டம் ஐந்தரை மீட்டர் இருக்கும், மேலே போகப் போகச் சிறுத்து வரும். உள்ளே படி இல்லை, அறை இல்லை, ஜன்னல் இல்லை, முழுக்கக் கல்தான். புதையல் இருக்கும் என்று அந்தக் காலத்தில் நோண்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உச்சியில் சில வரிகள் போய்விட்டன. தானியக் குதிர் வடிவத்தில், ராஜாவின் வளத்துக்கு அடையாளமாகக் கட்டினார்கள் என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். நம் ஊர் நெற்குதிரைப் பார்த்தவர்கள் உடனே ஆமாம் என்பார்கள்.

பெரியப்பா டர்பனின் சாட்ஸ்வர்த்தில் நாற்பது வருடம் கொத்து வேலை பார்த்தவர். கோபுரத்தைப் பார்த்ததும் பேசவே இல்லை. பையிலிருந்து அத்தையின் தையல் நூலை வாங்கி, கார்ச் சாவியை நுனியில் கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு கையை நீட்டித் தொங்கவிட்டார். தூக்குக் குண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலையும் கோபுரத்தின் விளிம்பையும் ஒட்டிப் பார்க்கச் சொன்னார். அடியில் நூலோடு சேரும் விளிம்பு மேலே போகப் போக நூலை விட்டு உள்ளே விலகுகிறது, ஆனால் எங்கேயும் துள்ளாமல், ஒரே சீராக. "பாரும்மா, ஒவ்வொரு வரியும் கீழ் வரியை விட ஒரு மயிரிழை உள்ளே. ஒரு ஆள் கண்ணாலே இதைப் பிடிச்சிருக்கான். எனக்கு ரசமட்டம் வேணும்." நீங்களும் நூலும் சாவியும் கொண்டுபோங்கள். கோபுரத்தைத் தொடாமல், ஏறாமல், தள்ளி நின்றே செய்யலாம். சாந்து இல்லாத கட்டிடத்தில் ஒரு கல்லை அசைத்தால் அதன் பக்கத்துக் கல்லும் சேர்ந்து அசையும், ஏறுவதற்கு அனுமதி இல்லாததும் அதனால்தான்.

அடுத்தது கொஞ்சம் கசப்பான விஷயம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது, "ஆப்பிரிக்காவில் சோழர் கட்டிய லிங்கம்" என்று. அத்தை அதை நம்பி, கோபுரத்தின் முன்னால் கைப்பையைத் திறந்து சூடமும் தீப்பெட்டியும் எடுத்துவிட்டாள். வழிகாட்டி அண்ணன் கோபிக்கவில்லை. "அம்மா, உங்கள் சாமி பெரியவர்தான், ஆனால் புல் காய்ந்திருக்கிறது" என்றார். அத்தை சூடத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள், எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

ஏனென்றால் இதே வேலையை முன்பு வேறு ஆட்கள் செய்திருக்கிறார்கள். 1871இல் இங்கே வந்த கார்ல் மௌக் என்ற ஜெர்மன்காரர் ஒரு மரச்சட்டத்தைப் பார்த்து, இது லெபனான் தேவதாரு, ஆகவே இது பைபிளில் வரும் ஷீபா ராணியின் மாளிகை என்றார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. அது உள்ளூர்த் தம்பூட்டி மரம். கறுப்பர்கள் கட்டியிருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டுச் சான்று தேடியவர்கள், இருந்த மண்ணடுக்குகளையும் வாரிக் கொட்டி நாசமாக்கினார்கள். 1905இல் டேவிட் ராண்டல் மக்கைவர், பிறகு 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் தோண்டிப் பார்த்து, ஆப்பிரிக்கர்கள்தான் கட்டினார்கள் என்று தெளிவாகச் சொன்னார்கள். அந்த அம்மா கோபுரத்தின் அடித்தளத்துக்குக் கீழே வரை தோண்டியவர். அப்படியும் அன்று நாட்டை ஆண்ட வெள்ளையர்களின் ரொடீஷியா அரசுக்கு அது கசந்தது, உண்மையைச் சொன்ன தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. கட்டியவர்கள் ஷோனா மக்களின் முன்னோர்கள், பதினோராம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரை. 1980இல் நாட்டுக்கு வைத்த பெயரே இந்தக் கல்வீடுகளின் பெயர். தென்னாப்பிரிக்காவில் கரும்புக் கூலி என்று பேர் வாங்கிய நாம், அடுத்தவன் கைவேலைக்கு நம் முத்திரை குத்தலாமா? இந்தியாவைப் பார்க்க ஆசை இருந்தால் அருங்காட்சியகத்துக் கண்ணாடி மணிகளைப் பாருங்கள். இங்கிருந்து தங்கமும் தந்தமும் மொசாம்பிக் கரையிலுள்ள சோஃபாலா துறைமுகத்துக்கு இறங்கின, இந்தியப் பெருங்கடல் வழியாக மணிகளும் துணியும் ஏறி வந்தன. நமக்கு உள்ள உறவு அவ்வளவுதான், அதுவும் ஒரு வியாபாரியின் உறவு.

இரண்டாம் நாள் ஏரிக்கு வையுங்கள். அணைமேல் நிற்கலாம், கரையோர மலைகளில் வண்டி ஓட்டலாம், வடகரையிலுள்ள பூங்காவில் வெள்ளைக் காண்டாமிருகம் உண்டு. தண்ணீரில் கால் வைக்காதீர்கள், முதலையும் நீர்யானையும் உண்டு, பிள்ளைகளைக் கரையில் தனியாக விடவேண்டாம். ஏரியைப் பார்த்துக்கொண்டே மீதிப் புளியோதரையைச் சாப்பிடும்போதுதான் வழிகாட்டி சொன்னது பெரியப்பாவுக்கு ஞாபகம் வந்தது. இந்தத் தண்ணீர் தெற்கே தாழ்நிலத்துக்கு, டிரையாங்கிள், ஹிப்போ வேலி கரும்புத் தோட்டங்களுக்குப் போகிறது. 1860இல் டிரூரோ கப்பலில் கூலிகளாக டர்பனுக்கு வந்தது முதல் நம் ஆட்களைக் கட்டிவைத்த அதே கரும்பு. பெரியப்பா ஏரியைப் பார்த்து, "எங்கே போனாலும் இது விடாது போலிருக்கே" என்றார், ஊறுகாயைக் கேட்டார்.

திரும்பும் வழியில் சாலையோரம் மாக்கல் பறவைகள் விற்பார்கள். பேரம் பேசுங்கள், ஆனால் செதுக்கியவரே விற்கிறார் என்றால் ரொம்ப அடிக்காதீர்கள். மாக்கல் நகம் பட்டாலே கீறும், ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டில் சுற்றி சீட்டுக்கு அடியில் வையுங்கள், டிக்கியில் ஜாக்கியோடு போட்டால் மூக்கு போய்விடும். எங்களுடையது போய்விட்டது. மஸ்விங்கோவிலிருந்து விடிந்ததும் கிளம்பினால் பத்து, பதினோரு மணிக்கு எல்லையில் இருக்கலாம், அந்த ரசீதுகளை எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.